அக்டோபரில் பூத்த ஆப்பிள் மரம்: வெயில் ஏமாற்றிவிட்டதா?

கேள்வி, அக்டோபர் 9

அக்டோபர் இரண்டாம் வாரம், மத்தியானம் 24 டிகிரி. கம்பளிச் சட்டையை எடுத்து உதறி வைத்ததுதான் மிச்சம். நேற்று சாயங்காலம் பார்த்தால் ஆப்பிள் மரத்தின் ஒரு கிளையில் ஏழெட்டுப் பூ. காய் பறித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. வசந்தம் வந்துவிட்டது என்று மரம் ஏமாந்துவிட்டது, அடுத்த வருடம் ஒரு காய்கூட நிற்காது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பூவைக் கிள்ளிவிடவா? கொஞ்சம் உரம் போட்டுத் தேற்றவா? சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

பதில், அக்டோபர் 9, இரவு

கிள்ள வேண்டாம். உரம் வேண்டவே வேண்டாம். சும்மா உட்காருங்கள்.

ஒரே ஒரு கேள்வி: அந்த மரம் ஆகஸ்டில் இலை கொட்டியதா?

அக்டோபர் 10

கொட்டியதாம். சொறி நோய் வந்து பாதி மரம் மொட்டை, போதாததற்குத் தண்ணீரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நினைத்தேன்.

இந்தப் பூவுக்கு அக்டோபர் வெயில் பாதிக் காரணம்தான். அடுத்த வசந்தத்தில் மலர வேண்டிய மொட்டு இந்தக் கோடையிலேயே உருவாகிவிடுகிறது. உருவானதும் உடனே மலராமல் அதை அடக்கி வைப்பது இலை. இலையுதிர்காலம் முற்ற முற்ற மொட்டு தானாகவே ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடும்; அதற்குப் பிறகு இலை விழுந்தாலும் எழாது. உங்கள் மரத்தில் காவலாள் ஆகஸ்டிலேயே ஓடிவிட்டான். மொட்டுக்கு இன்னும் தூக்கம் வரவில்லை. செப்டம்பரில் மழை பெய்தது, பின்னாலேயே வெயிலும் வந்தது, கண்ணைத் திறந்துவிட்டது.

இதற்குப் பெரிய அளவில் ஒரு சாட்சி உண்டு. ஐரோப்பாவின் ஹார்ஸ் செஸ்ட்நட் மரங்களின் இலைக்குள் சுரங்கம் தோண்டும் ஒரு குட்டி அந்துப்பூச்சி, 1984இல் இன்றைய வட மாசிடோனியாவின் ஓரிட் ஏரிப் பக்கம் முதலில் கண்ணில் பட்டது. அங்கிருந்து கண்டம் முழுக்கப் பரவியது. அது தாக்கிய மரங்கள் ஆகஸ்டிலேயே பழுப்பாகி இலை கொட்டும். சில செப்டம்பரில் புது இலையும் பூவுமாக நிற்கும். குளுமையான வருடத்திலும் நிற்கும். ஆகவே வானிலையை மட்டும் திட்ட வேண்டாம்.

நஷ்டம் என்ன? அந்த ஏழெட்டு மொட்டு. அந்த இடங்களில் வசந்தத்தில் பூ வராது, மற்ற நூற்றுக்கணக்கான மொட்டுகள் அப்படியே இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

அக்டோபர் 10, இன்னொன்று

எழுதிவிட்டுப் படுத்தபின் ஒரு சங்கப் பாட்டு நினைவுக்கு வந்தது. கார்காலத்தில் திரும்பி வருவதாகச் சொல்லிப் போனவன் வரவில்லை, கொன்றையோ பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். தோழி என்ன சொல்கிறாள்? கொன்றை அறிவில்லாத மரம், பருவம் தப்பிப் பெய்த வம்ப மாரியைக் கார் என்று நம்பிவிட்டது என்கிறாள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் அந்தத் தோழியும் ஒரே கட்சி.

கொன்றைக்காக வாதாட எனக்கு ஆசைதான். ஆனால் தோழி சொன்னது தலைவியைத் தேற்றுவதற்காக. தாவரவியல் பேசினால் அழுகை நிற்குமா?

அக்டோபர் 14

"மரம் ஏமாறவில்லை என்றால் பயமே இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பயம் உண்டு. ஆனால் எல்லோரும் பயப்படுகிற இடத்தில் அது இல்லை.

மரத்திடம் ஒரு நாள்காட்டி இருக்கிறது: பகல் நீளம். சரியாகச் சொன்னால் இரவின் நீளம். இலையில் இருக்கும் பைட்டோகுரோம் என்ற நிறமி அதை அளக்கிறது. எவ்வளவு வெயில் அடித்தாலும் சூரியன் மறையும் நேரம் மாறப்போவதில்லை. பகல் குறைந்ததும் நுனி வளர்வது நின்று, மொட்டு மூடிக்கொள்ளும். குளிருக்குத் தயாராவதில் இது முதல் படி.

இரண்டாம் படிக்குக் குளிரே வேண்டும். பூஜ்யத்துக்குச் சற்று மேலே, 0 முதல் 5 டிகிரிவரை, சில வாரங்கள். அந்த வாரங்களில்தான் செல்களில் சர்க்கரை சேர்கிறது, செல் சவ்வின் கொழுப்புக் கலவை மாறுகிறது, பனிக்கட்டி செல்லுக்கு உள்ளே உருவாகாமல் வெளியே இடைவெளியில் உருவாகும்படி தண்ணீர் வெளியேறப் பழகுகிறது. ஜனவரியில் மைனஸ் 30 டிகிரியை அலட்சியமாகத் தாங்கும் பிர்ச் கிளை, கோடையில் மைனஸ் 5 டிகிரியைக்கூடத் தாங்காது. மரமும் அதே, கிளையும் அதே. பழக்கம்தான் வேறு.

இதமான இலையுதிர்காலம் இந்த இரண்டாம் படியைத் தள்ளிப் போடுகிறது. அதோடு நின்றால் ஒன்றும் ஆகாது. மெதுவாகக் குளிர்ந்தால் மரம் மெதுவாகப் பழகிக்கொள்ளும். வெயிலிலிருந்து நேராக உறைபனியில் தள்ளினால்தான் ஆபத்து.

1940 நவம்பர் 11 அப்படி ஒரு நாள். அமெரிக்காவின் நடு மேற்குப் பகுதியில் காலையில் இதமாக இருந்தது, வாத்து வேட்டைக்குப் போனவர்கள் மேல்கோட்டுகூட எடுத்துக்கொள்ளவில்லை. அன்றே பனிப்புயல். மனிதர்கள் நூற்றுக்கு மேல் இறந்தார்கள். கூடவே அயோவா மாநிலத்து ஆப்பிள் தோப்புகள் பெருமளவில் செத்துப்போயின; அதுவரை ஆப்பிளில் பெயர் வாங்கிய மாநிலம் அது. பலர் மறுபடி மரம் நடவே இல்லை, மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் போய்விட்டார்கள். அந்த மரங்கள் அதற்கு முன்னால் எத்தனையோ ஜனவரிகளைப் பார்த்தவை. நவம்பரில் தயாராக இல்லை, அவ்வளவுதான்.

அக்டோபர் 15

நேற்று எழுதியதில் பெரிய ஓட்டை. பகல் நீளம்தான் நாள்காட்டி என்று எல்லா மரத்துக்கும் சேர்த்து அடித்து விட்டுவிட்டேன். பிர்ச், பாப்லர், வில்லோ இவற்றுக்குச் சரி. ஆப்பிளுக்கும் பேரிக்கும் அது பொருந்தாது! அவை பகல் நீளத்தை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. வெப்பநிலை சுமார் 12 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் வளர்ச்சியை நிறுத்தி உறங்கப் போகும். பகல் நீண்டதா குறுகியதா என்று கேட்காது.

அதாவது கேள்வி கேட்டவரின் மரம்தான் விதிவிலக்கு. பக்கத்து வீட்டுக்காரர் முழுக்கத் தப்பு இல்லை. ஆப்பிளை வெயில் கொஞ்சம் ஏமாற்றத்தான் செய்கிறது: பூவில் அல்ல, தூக்கத்தில். அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லியிருந்தால் மன்னிப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அக்டோபர் 19

உரம் வேண்டாம் என்று ஏன் அப்படிக் குதித்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன், அவமானம்தான்.

சில வருடங்களுக்கு முன் இதேபோல ஒரு அக்டோபர். ரோஜாவெல்லாம் கன்னாபின்னாவென்று வளர்ந்து நின்றது. வெயில் இருக்கும்போதே வேலையை முடித்துவிடலாம் என்று முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்தேன். வெட்டிய இடம் பாவமாகத் தெரிந்தது, தழைச்சத்து உரம் ஒரு கை போட்டேன். பத்தே நாளில் சாண் நீளத்துக்குச் செக்கச்செவேலென்று துளிர். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். நவம்பர் நடுவில் ஒரே ராத்திரியில் மைனஸ் 7. காலையில் அந்தத் துளிர் வெந்த கீரை மாதிரி தொங்கியது. துளிரோடு போயிருந்தால் பரவாயில்லை. தண்டு பிளந்து ஒட்டு வரைக்கும் கருகிவிட்டது. ஏழு செடியில் நான்கு வசந்தத்தில் எழவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் யாரும் சீந்தாத ரோஜா ஒன்று, கவாத்தும் இல்லை உரமும் இல்லை, ஜம்மென்று நின்றது.

கவாத்து செய்வது "வளர்" என்று கட்டளை போடுவது போல. குளிர்ந்த அக்டோபரில் செடி அதைக் காதில் வாங்காது. வெயில் அக்டோபரில் வாங்கிக்கொள்ளும். காற்றில் ஆடி வேர் அசையும் அளவுக்கு நீளமான கொம்பை மட்டும் பாதியாகக் குறைக்கலாம். மற்றதெல்லாம் குளிர்காலம் கழிந்து மொட்டு பருக்கும்போது.

அக்டோபர் 20

தண்ணீரை மறந்துவிட்டேன். உரம் வேண்டாம் என்றால் தண்ணீரும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. வெயில் நீண்டால் மண் காயும். வருடம் முழுக்க இலை தாங்கும் செடிகளுக்கும் இந்த வருடம் நட்ட கன்றுகளுக்கும் மண் உறையும் வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். காய்ந்த வேரோடு குளிர்காலத்துக்குள் போகும் பசுமை மாறாச் செடி, பிப்ரவரியில் காற்று அடிக்கும்போது பழுப்பாகும். குளிரில் செத்தது என்பார்கள். தாகத்தில் செத்தது அது.

அக்டோபர் 23

மஸ்காரி (வசந்தத்தில் நீலப் பூ விடும் குட்டிக் கிழங்குச் செடி) இப்போதே இலை விட்டுவிட்டது, படம் போட்டு "உலகம் அழியப்போகிறது" என்று எழுதியவருக்கு: அது ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் இலை விடும். குளிர்காலம் முழுக்க அந்த இலையோடுதான் கிடக்கும். இந்த வருடம்தான் நீங்கள் வெயிலில் தோட்டத்தில் நின்று பார்த்திருக்கிறீர்கள், போன வருடங்களில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தீர்கள்.

சிரிக்கவில்லை. நானும் ஒரு வருடம் அதன்மேல் சருகு கொட்டி மூடி வைத்திருக்கிறேன்.

டாஃபடில் நுனி எட்டிப் பார்த்தாலும் அப்படித்தான். இலை நுனி உறைபனியைத் தாங்கும், பூ இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

அக்டோபர் 27

துலிப் நடலாமா என்று மூன்று பேர். நட வேண்டாம், காத்திருங்கள். காற்றின் வெப்பநிலையைப் பார்க்காதீர்கள், மண்ணைப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்தில் வெப்பமானியைக் குத்திக் காலையில் பார்த்தேன், இன்னும் 14 டிகிரி. 10க்குப் பக்கத்தில் வரட்டும். சூடான ஈர மண்ணில் கிழங்குக்குப் பூசணம் பிடிக்கும். துலிப்பை எரித்தது போலச் சுருட்டிவிடும் நோய் ஒன்று உண்டு, அதற்கும் இந்தக் கதகதப்பு பிடிக்கும். நவம்பர் கடைசியில் நட்டாலும் கெட்டுப்போகாது. மண்ணுக்குள் போனபின் 12 முதல் 16 வாரம் நல்ல குளிர் கிடைத்தால் போதும், தண்டு நீளும். குளிர் போதாவிட்டால் பூ இலைக்கு நடுவிலேயே குந்திக்கொண்டிருக்கும்.

பூண்டுக்கும் குளிர் வேண்டும். கிடைக்காவிட்டால் பல் பிரியாமல் ஒரே உருண்டையாக நிற்கும். ஆனால் அதற்கு வேர் பிடிக்க நேரம் தேவை, துலிப் மாதிரி தள்ளித் தள்ளிப் போட முடியாது. வெயிலில் நட்டதால் மேலே ஒரு சாண் தாள் வந்துவிட்டதா? விடுங்கள். தாள் நுனி கருகினாலும் மறுபடி வரும்.

நவம்பர் 2

இந்த வருடம் மேப்பிளில் சிவப்பே இல்லை. மஞ்சள் வந்தது, அப்புறம் நேராகப் பழுப்பு.

மஞ்சளுக்கு மரம் எதுவும் செய்ய வேண்டாம். கரோட்டினாய்டு என்ற மஞ்சள் நிறமிகள் கோடையெல்லாம் இலையில் இருந்தவைதான், பச்சையம் விலகியதும் வெளியே தெரிகின்றன. சிவப்பு அப்படி அல்ல. ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமியை இலை அந்தக் கடைசி வாரங்களில் புதிதாகச் செய்ய வேண்டும், செய்வதற்குச் சர்க்கரை வேண்டும். பகலில் வெயிலும் ராத்திரியில் குளிரும் இருந்தால் சர்க்கரை இலையில் தங்கும். ராத்திரியும் கதகதப்பாக இருந்தால் இலை அதைச் சுவாசித்தே செலவழித்துவிடும். பகல் வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், உண்மையில் இந்த வருடம் மாறியது ராத்திரி.

சாமந்தியும் அதே கணக்கு. பகல் குறைந்ததால் மொட்டு கட்ட வேண்டும், ராத்திரிச் சூடு அதைத் தள்ளிப் போடுகிறது. என்னிடம் இருக்கும் தொட்டியில் வழக்கத்தைவிட இரண்டு வாரம் தாமதம். மொட்டு பட்டாணி அளவுக்கு நிற்கிறது. உறைபனி முந்துமா, பூ முந்துமா என்று தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன். பந்தயம் கட்ட ஆள் இல்லை.

நவம்பர் 3

நம் பெரும்பொழுது ஆறில் இலையுதிர்காலம் என்று ஒன்று கிடையாது, கவனித்தீர்களா? கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இந்த நாட்கள் கணக்குப்படி கூதிர். நடுங்க வேண்டிய காலம். நான் அரைக்கைச் சட்டையில் களை பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஜெர்மன்காரர்கள் இதற்குக் கிழவிகளின் கோடை என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் பல மொழிகளில் நவம்பர் 11ஐ ஒட்டி வரும் வெயிலுக்குப் புனித மார்ட்டினின் கோடை என்று பெயர். பெயர் இருக்கிறது என்றால் அடிக்கடி வந்துகொண்டுதான் இருந்தது என்று அர்த்தம். ஆனால் அவையெல்லாம் நான்கைந்து நாள் விருந்தாளிக்கு வைத்த பெயர்கள். ஆறு வாரம் தங்குகிறவரை விருந்தாளி என்பதா?

நவம்பர் 6

"சூடு கெடுப்பதில்லை, திடீர்க் குளிர்தான் கெடுக்கிறது" என்று நான் இங்கே தொடர்ந்து சொல்லி வருவது எனக்கே இடிக்கிறது. இன்று தோட்டத்தைச் சுற்றி வந்தேன்.

ரோஜா நுனியில் அசுவினி, ஜூன் மாதம் போல. முட்டைக்கோஸ் இலையைத் தட்டினால் வெள்ளை ஈ மேகமாக எழுகிறது. ஓடில்லா நத்தைகள் ராத்திரி எட்டு மணிக்கு மாநாடு போடுகின்றன, பூண்டுத் தாளைத் தவிர எல்லாவற்றையும் தீர்மானம் போட்டுத் தின்கின்றன. சாம்பல் நோய் படிந்த இலைகள் இன்னும் உதிரவில்லை. குளிர்காலத் தானியம் போட்டவர்களுக்கு இன்னும் மோசம். அசுவினி நவம்பரிலும் பறந்தால் இளம் பயிருக்கு மஞ்சள் குட்டை வைரஸைக் கொண்டுவந்து சேர்க்கும்; பயிர் மஞ்சளாவது வசந்தத்தில்தான் தெரியும்.

தேனீ வைத்திருக்கும் நண்பர் சொன்னது: கூட்டில் ராணி இன்னும் முட்டையிடுகிறது. கேட்க நன்றாக இருக்கிறதா? புழு இருக்கும்வரை அதன் அறைக்குள்ளேயே வரோவா என்ற ஒட்டுண்ணியும் பெருகும். தேனீக்கள் பறப்பதால் பசி அதிகம், வெளியே பூ குறைவு, குளிர்காலத்துக்குச் சேர்த்ததை இப்போதே எடுத்துத் தின்கின்றன.

ஆக, வெயிலே நேரடியாகச் செய்யும் கெடுதலும் உண்டு. முதலில் சொன்னதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன்.

நவம்பர் 13

வந்துவிட்டது. நேற்று மத்தியானம் 16, இன்று விடிகாலை மைனஸ் 6.

டாலியா கறுத்துத் தலை சாய்ந்துவிட்டது. பதறி உடனே தோண்ட வேண்டாம். கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது, மேலே கருகினது கிழங்குக்கு வலிக்காது. தண்டை ஒரு சாண் விட்டு வெட்டுங்கள், சில நாள் கழித்து எடுங்கள், மண் கெட்டியாக உறைவதற்குள் எடுத்துவிட்டால் போதும்.

மேப்பிள் இலை பச்சையும் பழுப்புமாகக் காய்ந்து கிளையிலேயே தொங்குகிறது. இலைக்காம்பின் அடியில் பிரியும் அடுக்கு ஒன்று உருவான பிறகுதான் இலை தானாகக் கழன்று விழும். அது முடிவதற்குள் பனி இலையைக் கொன்றுவிட்டது. கழற்றிவிட ஆள் இல்லை. மரம் சாகவில்லை. ஆனால் இலையோடு நிற்கும் கிளையில் ஈரப்பனி தேங்கினால் பாரம் தாங்காமல் முறியும். இளம் மரமாக இருந்தால் பனி விழும்போது போய் மெல்ல உலுக்கி விடுங்கள், கீழிருந்து மேலே.

சாமந்தி தோற்றது. மொட்டு நான்கு வெடித்திருந்தன, அவ்வளவுதான். தொட்டியைக் கொட்டகைக்குள் இழுத்து வைத்திருக்கிறேன், ராத்திரி பத்து மணிக்கு, செருப்பில்லாமல்.

நவம்பர் 14

செடியடியில் சருகோ வைக்கோலோ பரப்பும் மூடாக்கை இன்றைக்கே போடவா என்று கேள்வி. இன்னும் இல்லை. மண்ணுக்குள் இன்னும் வெயிலின் சூடு இருக்கிறது. இப்போது மூடினால் அந்தச் சூட்டைப் போர்த்திப் பாதுகாப்பீர்கள், எலி அதற்குள் குடித்தனம் நடத்தும். மூடாக்கு குளிரைத் தடுப்பதற்கு என்று நினைக்கிறோம். உறைவதும் உருகுவதுமாக மண் மாறி மாறி வேரைத் தூக்காமல் இருப்பதற்குத்தான் அது முக்கியமாக உதவும். மண் நன்றாகக் குளிர்ந்த பிறகு போடுங்கள். தொட்டிச் செடிகள் வேறு கதை, அவற்றின் வேருக்கு நாலு பக்கமும் குளிர். அவற்றை இன்றே சுவரோரமாக நெருக்கி வையுங்கள்.

ஜனவரி 21

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்: "ஆப்பிளுக்குக் குளிர் போதுமா, கணக்கு வைத்திருக்கிறேன்."

உறங்கும் மொட்டு வசந்தத்தில் ஒழுங்காக விழிக்க, குளிர்காலத்தில் இவ்வளவு குளிர் என்று சேர வேண்டும். அதை அளக்கும் பழைய கணக்கு எளிது. 0 முதல் 7.2 டிகிரிவரை இருந்த மணிநேரத்தைக் கூட்டு. பல ஆப்பிள் வகைகளுக்கு 800 முதல் 1,200 மணிநேரம்வரை வேண்டும், குறைந்த குளிரிலேயே பூக்கும் வகைகளும் உண்டு. 1974இல் வந்த யூட்டா கணக்கு இன்னும் கறார்: 16 டிகிரிக்கு மேல் போனால் சேர்த்ததிலிருந்து கழிக்கும். நீங்கள் அக்டோபரிலிருந்து கூட்டியிருக்கிறீர்கள், நடுவில் வந்த 20 டிகிரி நாட்களைக் கழிக்கவே இல்லை. வங்கியில் போட்டதை மட்டும் எழுதி எடுத்ததை எழுதாத கணக்கு. நவம்பர் நடுவிலிருந்து மறுபடி கூட்டுங்கள்.

கூட்டிவிட்டுப் பயப்படவும் வேண்டாம். டிசம்பரும் ஜனவரியும் நிதானமாகக் குளிர்ந்திருக்கிறது, மைனஸில் உறைந்து கிடக்கும் மணிகளைவிட 3, 4 டிகிரியில் இருக்கும் மணிகள்தான் மொட்டுக்குப் பயன்.

ஏப்ரல் 26

முடிவு கேட்டீர்கள்.

என் ரோஜாக்கள் எல்லாம் உயிரோடு. கொம்பு நுனிகள் ஒரு முழத்துக்குக் கருகியிருந்தன. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்து, பச்சை தெரிந்த இடம் வரை இறங்கி வெட்டினேன். ஒரு அத்திச்செடி மட்டும் கீறிய இடமெல்லாம் பழுப்பு. அதை வெட்டவில்லை, ஜூன் வரை பார்க்கலாம், அத்தி அடியிலிருந்து வரும். துலிப் நவம்பர் 29இல் நட்டது, எல்லாம் நிமிர்ந்து நிற்கிறது.

உங்கள் ஆப்பிள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மரம் முழுக்கப் பூ, அக்டோபரில் பூத்த கிளையில் மட்டும் ஒரு முழ நீளத்துக்கு வெறும் இலை. பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவே இல்லையே?